யாருடைய டிஎல்எல் அது?

எங்கள் வட்டாரத்தில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்குள் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். ஆரணி அரிசி மண்டிகளில் தொடங்கி குடியாத்தம் லுங்கிக் கடைகள் வரை அவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புரோகிராமை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் நிறுவும் செட்டப் கோப்பு தயாரிப்பது பற்றி அவர் சொல்லும் உபதேசம் ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, போகிற இடத்தில் என்ன இருக்கும் என்று நம்பாதே. உனக்கு வேண்டிய டிஎல்எல் எல்லாவற்றையும் உன் கோப்புறையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு போ." டிஎல்எல் என்பது பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளக்கூடிய நிரல் கோப்பு. அது இல்லாவிட்டால் அதை நம்பிய புரோகிராம் ஓடாது. அவர் சொல்வது கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது முழுதாக இறங்கியதே இல்லை. ஏன் இறங்கவில்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. 2024இல் பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நடந்த சங்கதிதான் அந்த வாதத்துக்கு எனக்கு வாய் கொடுத்தது. வாதம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை.

அண்ணன் அந்தக் கொள்கைக்குச் சும்மா வந்து சேரவில்லை. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6 காலத்து ஆள் அவர். அந்தக் காலத்தில் எல்லா மென்பொருளும் பொதுவான டிஎல்எல்களை விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில்தான் கொண்டுபோய்க் கொட்டும். ஒழுங்காக எழுதப்பட்ட செட்டப், அங்கே ஏற்கெனவே புதிய பதிப்பு இருந்தால் தொடாமல் விலகிப் போகும். ஒழுங்கில்லாதது, புதியதன் மேல் பழையதை எழுதிவிட்டு 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று சொல்லிவிடும். மறுநாள் காலை மண்டியில் பில் போட உட்காரும்போது விழுவது அண்ணனின் புரோகிராம். திட்டு வாங்குவதும் அண்ணன்தான். முந்தின நாள் வேறொரு ஆள் வந்து வேறெதையோ நிறுவிவிட்டுப் போனது யார் நினைவிலும் இருக்காது. பின்னால் விண்டோஸ் 2000 தன் சிஸ்டம் கோப்புகளைத் தானே காவல் காக்கத் தொடங்கியது. எக்ஸ்பி வந்ததும் ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் சி பிளஸ் பிளஸின் 2005, 2008 பதிப்புகள் இரண்டும் அந்த ஏற்பாட்டை நம்பியே தங்கள் ரன்டைமை, அதாவது அவற்றில் எழுதிய புரோகிராம் ஓடக் கூடவே இருக்க வேண்டிய டிஎல்எல்களை, அனுப்பின. அதில் ஏதாவது பிசகினால் 'சைடு பை சைடு' அமைப்பு சரியில்லை என்று விண்டோஸ் ஒரு செய்தி காட்டுமே, அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள்.

2010, 2012, 2013 பதிப்புகளில் அந்தத் தொல்லை ஓய்ந்தது. கோப்பின் பெயரிலேயே 100, 110, 120 என்று எண் இருந்தது. பெயர் வேறானதால் ஒன்றை ஒன்று மிதிக்க வழியில்லை. 2015க்குப் பிறகு கதை மாறியது. 2015, 2017, 2019, 2022 நான்குக்கும் ஒரே பெயர்: எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140. பழையதற்கு எழுதிய புரோகிராம் புதிய ரன்டைமில் ஓடும் என்ற உத்தரவாதத்தோடு, ஒன்றின் மேல் ஒன்றாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் ஏற்பாடு. எனக்கு இது பிடித்திருந்தது, இன்றும் பிடித்திருக்கிறது. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. முன்பெல்லாம் கோப்பின் பெயரைப் பார்த்தாலே பதிப்பு தெரிந்துவிடும். இப்போது 140 என்ற ஒரே பெயருக்குப் பின்னால் பல வருடத்துப் பதிப்புகள் ஒளிந்திருக்கின்றன. 'அந்த டிஎல்எல் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்கும் செட்டப் கேட்க வேண்டியதில் பாதியைத்தான் கேட்கிறது. உத்தரவாதமும் ஒரு வழிப் பாதைதான். பழைய புரோகிராம் புதிய ரன்டைமில் ஓடும். புதிய புரோகிராம் பழைய ரன்டைமில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள்

வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். என் வாடிக்கையாளர்கள் அந்த மூன்றிலும், போதாக்குறைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள். வட ஆற்காடு என்று சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். இவர்களுடைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்த இரண்டாம் கை இயந்திரங்கள். ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக் கட்டியது, விண்டோஸ் 7 ஏற்றப்பட்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு சாமி படம், கீழே ஒரு யுபிஎஸ். அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருக்கும்.

இந்த இயந்திரங்களில் ரன்டைமை ஏற்றுவது தனிக் கலை. 2015 முதல் சி ரன்டைமின் ஒரு பெரும்பகுதி விண்டோஸின் அங்கமாகிவிட்டது. விண்டோஸ் 10 என்றால் அது கூடவே இருக்கும். விண்டோஸ் 7க்கு கேபி2999226 என்ற புதுப்பிப்பாக அது வரவேண்டும். அதை ஏற்ற, விண்டோஸ் 7க்கு வந்த திருத்தத் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். இல்லையென்றால் ரன்டைமை நிறுவ மைக்ரோசாஃப்ட் தரும் ரீடிஸ்ட் தொகுப்பு 0எக்ஸ்80240017 என்ற எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். காரணம் கேட்டால் 'குறிப்பிடப்படாத பிழை' என்று பதில் வரும். இன்னொரு எண் 1638. 'இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது' என்பதுதான் அதற்குப் பொருள். நல்ல சேதி. ஆனால் அதையும் தோல்வி என்று எடுத்துக்கொண்டு முழு நிறுவலையும் பாதியில் நிறுத்திவிடும் செட்டப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 3010 வந்தால் வேலை முடிந்தது, ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று அர்த்தம். விழாக்கால விற்பனை நேரத்தில் கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னால் கடைக்காரர் நம்மைப் பார்க்கும் பார்வைக்குத் தனி எண் எதுவும் இல்லை.

32 பிட், 64 பிட் குழப்பத்தைப் பற்றி ஒரு வரி மட்டும். 64 பிட் விண்டோஸில் 64 பிட் டிஎல்எல்கள் இருக்கும் கோப்புறையின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் டிஎல்எல்கள் இருப்பது சிஸ்வாவ்64. பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று காரணம் தெரிந்தாலும், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

கால் அடிக் கணக்கு

பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு வடிவம் என்பதால் அளப்பதற்கென்றே ஒரு இயந்திரம் உண்டு. தோலை ஒரு பக்கம் விட்டால் மறு பக்கம் வெளியே வருவதற்குள் பரப்பளவு கால் அடி சுத்தமாகத் திரையில் விழும். அந்த இயந்திரத்தோடு அதைச் செய்த நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று வரும். நான் குறிப்பிட்ட தொழிற்சாலையில் அதுவரை திரையில் வந்த எண்ணை ஒருவர் நோட்டில் எழுத, மாலையில் இன்னொருவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். எண்களை நேராக பில்லிங்கிற்குக் கொண்டுவரக் கேட்டார்கள். அளவை மென்பொருளில் வெளியார் ஒரு டிஎல்எல்லைச் செருகிக்கொள்ள வசதி இருந்தது. எழுதிக் கொடுத்தேன். செட்டப்புடன் புத்தம்புதிய ரீடிஸ்ட்டையும் சேர்த்திருந்தேன். அது ஒழுங்காக நிறுவப்பட்டதைக் கண்ணாலும் பார்த்தேன்.

முதல் தோல் உள்ளே போனதும் அளவை மென்பொருள் மறைந்துவிட்டது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. திரையில் இருந்த ஜன்னலைக் காணோம், அவ்வளவுதான். என் டிஎல்எல்லை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாக ஓடியது. ஆக, குற்றவாளி யார் என்பதில் அங்கிருந்த யாருக்கும் சந்தேகமில்லை. மேலாளர் நல்ல மனிதர். "சார், பழையபடி நோட்டிலேயே எழுதிக்கொள்கிறோம், நீங்கள் டீ குடியுங்கள்" என்றார். அந்த மரியாதைதான் அதிகமாக உறுத்தியது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தபோது விழுந்த இடம் எம்எஸ்விசிபி140 என்று இருந்தது. அதாவது என் நிரலுமில்லை, அவர்களுடையதுமில்லை, நடுவில் இருக்கும் ரன்டைம். பக்கத்திலேயே அதன் பதிப்பு எண்: 14.16. நான் சற்று முன் நிறுவியது 14.40. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுவியது கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஓடுவது அது இல்லை. ஓடும் புரோகிராம்களுக்குள் எட்டிப் பார்க்க உதவும் பிராசஸ் எக்ஸ்புளோரரைப் போட்டு, ஏறியிருக்கும் டிஎல்எல்களின் பாதையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அளவை மென்பொருளை எழுதியவர்கள் ரன்டைமைத் தங்கள் கோப்புறையிலேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். அண்ணனின் உபதேசம் அட்சரம் பிசகாமல் அங்கே நிறைவேறியிருந்தது. விண்டோஸ் ஒரு டிஎல்எல்லைத் தேடும்போது புரோகிராமின் எக்ஸ்இ கோப்பு இருக்கும் கோப்புறையைத்தான் முதலில் பார்க்கும், பிறகுதான் சிஸ்டம் கோப்புறை. அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே நினைவகத்தில் ஏறியிருந்தால் பின்னால் வருபவர்களுக்கும் அதுவே கிடைக்கும். என் டிஎல்எல் அவர்கள் வீட்டுக்குள் விருந்தாளி. அவர்களிடம் இருந்த பழைய ரன்டைம்தான் அதற்கும் வாய்த்தது.

பழையதாக இருந்தால் என்ன, ஏன் விழ வேண்டும்? 2024 மே மாதம் வந்த விஷுவல் ஸ்டுடியோ 2022இன் 17.10 பதிப்பில் (விஷுவல் சி பிளஸ் பிளஸ் அதற்குள்தான் வருகிறது, 14.40 ரன்டைம் அதனுடையதுதான்), ஒரே தரவில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் கைவைக்காமல் தடுக்கும் மியூடெக்ஸ் என்ற பூட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். முன்பு அந்தப் பூட்டைத் தயார்செய்யும் வேலையை ரன்டைம் டிஎல்எல் செய்தது. இப்போது அது நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றித் தொகுக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஓடும்போது செய்ய ஒன்றுமில்லை. அதற்கு ஏற்றபடி புதிய டிஎல்எல்லும் மாறியிருந்தது. பழைய டிஎல்எல்லுக்கு இது தெரியாது. யாரோ தயார்செய்து வைத்திருப்பார்கள் என்று நம்பிப் பூட்டப் போய், வெற்று முகவரியைத் தொட்டு விழுந்துவிடுகிறது. இது பிழையல்ல, தொகுத்த கருவியைவிட ரன்டைம் பழையதாக இருக்கக் கூடாது என்பது முன்பே சொல்லப்பட்ட விதிதான் என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு. விதி அப்படித்தான் இருக்கிறது. பழைய முறைக்குத் திரும்ப, தொகுக்கும்போது சேர்க்கும் குறிப்பாக ஒரு மேக்ரோவையும் கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் ஒரு தோல் தொழிற்சாலையில் மட்டும் நடந்ததல்ல இது. தனக்கென்று ரன்டைமைக் கோப்புறையில் சுமந்துகொண்டு, வெளியார் டிஎல்எல்களையும் உள்ளே அனுமதிக்கும் மென்பொருள்கள் உலகெங்கும் அந்த வருடம் இதே பூட்டில் விழுந்தன. சில ஜாவா தொகுப்புகள் உட்பட.

கூடவே கொண்டுவந்தவரின் பொறுப்பு

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு ஒருவழியாகக் கிடைத்தது. வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் வைத்தியத்துக்காக வந்து தங்கும் வங்காளக் குடும்பங்கள் அடுப்பு, குக்கர் எல்லாம் வைத்துத் தாங்களே சமைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதபோது அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சொந்த அடுப்பு என்றால் அதன் ரப்பர் டியூப் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் சொந்த வேலை. அண்ணனின் உபதேசத்தில் இந்தப் பாதி இல்லை. டிஎல்எல்லைக் கோப்புறையில் வைத்த கணத்தில் அதைப் புதுப்பிக்கும் கடமையும் நம் தலையில் ஏறிவிடுகிறது. விண்டோஸ் அதைத் தொடாது. ரீடிஸ்ட்டின் புதிய பதிப்பு வந்து சிஸ்டம் கோப்புறையில் உட்கார்ந்தாலும் நம் கோப்புறையில் இருப்பது அப்படியே இருக்கும். நாம் அடுத்த பதிப்பை வெளியிடும்வரை, வெளியிடாமலே கடையை மூடிவிட்டால் என்றென்றைக்கும்.

விழுவதோடு போனால் பரவாயில்லை. 2004 செப்டம்பரில், படங்களைக் கையாளும் ஜிடிஐபிளஸ் டிஎல்எல்லில் ஒரு ஓட்டை வெளிவந்தது. ஜேபெக் படம் ஒன்றைத் திறந்தாலே போதும், அதற்குள் ஒளித்து வைத்த நிரல் ஓடிவிடலாம் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. விண்டோஸில் இருந்த பிரதியை மைக்ரோசாஃப்ட் திருத்திவிட்டது. ஆனால் எத்தனையோ மென்பொருள்கள் அந்த டிஎல்எல்லின் சொந்தப் பிரதியைத் தங்கள் கோப்புறைகளில் வைத்திருந்தன. அவற்றை யார் திருத்துவது? எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு கருவி வெளியிட வேண்டியிருந்தது. 2009 ஜூலையில் ஏடிஎல் என்ற மைக்ரோசாஃப்டின் நிரல் நூலகத்தில் ஓட்டை வந்தபோது இன்னும் ஒரு படி மேலே. அந்த நூலகத்தின் நிரல் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் கலந்து தொகுக்கப்பட்டிருந்ததால், பாதிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் எழுதியவரே மறுபடி தொகுத்து வெளியிட வேண்டியதாயிற்று. அப்போது மூலநிரலைத் தொலைத்துவிட்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அண்ணனிடம் இதையெல்லாம் சத்துவாச்சாரியில் ஒரு டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அவர் அசரவில்லை. "சரி தம்பி, பொதுவில் வைத்தால் மட்டும் யார் புதுப்பிக்கிறார்கள்? விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைக்காத கடை ஒன்று காட்டு, பார்ப்போம்" என்றார். எனக்குச் சட்டென்று ஒரு கடையும் நினைவுக்கு வரவில்லை. அவர் சொன்னது உண்மை. அது மட்டுமல்ல, விசி (விஷுவல் சி பிளஸ் பிளஸ்) ரன்டைமைப் பொதுவில் வைத்தாலும் விண்டோஸ் அப்டேட் வழக்கமாக அதைத் தானாகப் புதிய பதிப்புக்கு இழுத்துக்கொண்டு போவதில்லை. பெரும்பாலும் யாராவது ஒருவருடைய செட்டப் புதியதைக் கொண்டுவந்தால்தான் உண்டு. ஆனால் அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பொதுவில் இருந்தால், வருகிறவர்களில் ஒருவர் புதியதைக் கொண்டுவந்தாலும் எல்லோருக்கும் கிடைக்கும். அவரவர் கோப்புறையில் இருந்தால் அவரவர் மறதியோடு நின்றுவிடும்.

இப்போது என் செட்டப்பில் இருப்பது

அளவை மென்பொருளின் கோப்புறையில் கிடந்த பழைய டிஎல்எல்லை அழித்துவிட்டாலே என் பிரச்சினை தீர்ந்திருக்கும். அந்தப் பாதையில் போகவில்லை. அது அவர்கள் வைத்தது. நாளைக்கு இயந்திரம் கால் அடி கூட்டிக் காட்டினாலும் பழி நம் மேல்தான் விழும். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். தங்கள் கோப்புறையில் யாராவது கைவைத்தால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். அவர்களுக்குள் செருகும் டிஎல்எல் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லாத சிறு நிரல். மியூடெக்ஸ் கிடையாது, ரன்டைமையும் தனக்குள்ளேயே கலந்து தொகுத்தது, எண் வந்தால் வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. உண்மையான வேலையைச் செய்வது என் கோப்புறையில் தனியாக ஓடும் ஒரு எக்ஸ்இ. அதற்குச் சிஸ்டம் கோப்புறையில் இருக்கும் 14.40 கிடைக்கிறது. இதைக் கேட்டதும் அண்ணன் சிரித்தார். "கலந்து தொகுத்தாயா? கடைசியில் என் வழிக்குத்தானே வந்தாய்!" ஒரு பக்க நிரலை எந்த நாளிலும் மறுபடி தொகுத்துக் கொடுத்துவிடுவேன், முழு மென்பொருளையும் அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

செட்டப்பை இன்னோ செட்டப் என்ற கருவியில்தான் தயாரிக்கிறேன். அது முதலில், விண்டோஸின் அமைப்பு விவரங்கள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் விசி ரன்டைம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் அங்கே எழுதியிருக்கும் பதிப்பு எண்களையும் படிக்கிறது. நான் தொகுத்த கருவியின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கூட வரும் ரீடிஸ்ட்டை ஓட்டுகிறது. 1638ஐ வெற்றி என்றே எடுத்துக்கொள்கிறது. 3010 வந்தால் இரவு கடை மூடும்போது அணைத்தால் போதும் என்று சொல்கிறது. விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் இல்லையென்றால் எதையும் தொடாமல் காரணத்தைத் தமிழில் சொல்லிவிட்டு விலகிவிடுகிறது. என் மென்பொருளை நீக்கும்போது ரன்டைமை நீக்குவதில்லை. யார் யார் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஆபத்து மிச்சமிருக்கிறது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைப் பையன்கள். 'மெதுவாக ஓடுகிறது' என்று கூப்பிட்டால் வந்து, கண்ட்ரோல் பேனலைத் திறந்து, விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2008, 2010, 2013 என்று வரிசையாகக் கிடப்பதைப் பார்த்து, "இதெல்லாம் எதற்கு, ஒரே குப்பை" என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு புரோகிராமைத் திறந்தால் வருவது விண்டோஸின் ஆங்கிலப் பிழைச் செய்தி. நம் நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே அது வந்துவிடுவதால் நாம் எதுவும் சொல்ல வாய்ப்பே இல்லை. அதனால் இப்போது மேசைமேல் இருக்கும் ஐகான் முதலில் திறப்பது எந்த ரன்டைமும் தேவைப்படாத ஒரு சின்ன எக்ஸ்இயை. அது பதிப்பைப் பார்க்கும். சரியாக இருந்தால் உண்மையான புரோகிராமை எழுப்பிவிட்டு ஒதுங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பொத்தானைக் காட்டும். அழுத்தினால், ஏற்கெனவே வட்டில் வைத்துவிட்டு வந்த ரீடிஸ்ட் ஓடும். இணையம் வேண்டாம்.

"அந்த ரீடிஸ்ட் கோப்பையும் பையன் அழித்துவிட்டால்?" என்று கேட்டார் அண்ணன். அழித்துவிட்டால் பென்டிரைவோடு பேர்ணாம்பட்டு பஸ் ஏற வேண்டியதுதான்.